மண் எவ்வளவு குடிக்கும்?

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையில் பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடற்கரை மணல். மழை விட்ட கொஞ்ச நேரத்தில் மண் தரையில் தண்ணீர் இருந்த சுவடே இருக்காது. அங்கே கட்டடம் கட்டி, சுற்றுச்சூழலுக்கு உகந்த கட்டடம் என்று தரும் லீட் (LEED) போன்ற பசுமைச் சான்றிதழ் கேட்பவர்கள், "தண்ணீர்தான் தானாகவே இறங்கிவிடுகிறதே, அதை எழுதிக் கொடுத்தால் போதாதா?" என்பார்கள். போதாது. எவ்வளவு மழை, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று கணக்குக் காட்ட வேண்டும்.

லீட் நான்காம் பதிப்பில் 95-ஆவது விழுக்காட்டு மழை என்று ஓர் அளவு உண்டு. பல வருட மழைப் பதிவை எடுத்து, மழை நாட்களை அளவுப்படி வரிசையாக வைத்தால், நூற்றுக்கு 95 நாட்கள் அதற்குள் அடங்கிவிடும். அது 50 மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் விழுவது சுமார் 11,000 லிட்டர். கிட்டத்தட்ட ஒரு பெரிய தண்ணீர் லாரி! அது தெருவுக்கு ஓடாமல் உள்ளேயே இறங்க வேண்டும்.

இறங்குமா என்று பார்க்க இரட்டை வளையச் சோதனை செய்கிறோம். 30 சென்டிமீட்டர் வளையத்தைச் சுற்றி 60 சென்டிமீட்டர் வளையம், இரண்டிலும் தண்ணீர். வெளிவளையத் தண்ணீர் இருப்பதால், உள்ளே இருப்பது பக்கவாட்டில் பரவாமல் பெரும்பாலும் நேராகக் கீழே போகும். காய்ந்த மண் முதலில் மடமடவென்று குடிக்கும். அதைப் பார்த்து மயங்கக் கூடாது. வேகம் குறைந்து சீரான பிறகு வருவதுதான் கணக்கு.

இதில் எனக்கு ஒரு குறை உண்டு. சோதனையைப் பெரும்பாலும் மே மாதத்தில், வேலை தொடங்கும் முன்பே முடித்துவிடுகிறார்கள். அப்புறம் கான்கிரீட் லாரி ஏறி ஏறி அதே மண் சிமென்ட் தரை மாதிரி இறுகிவிடுகிறது. கொட்டும் சிமென்ட் பால் வேறு மண்ணின் துளைகளை அடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீரும் மேலே வந்துவிடும். மே மாதத்துப் பேப்பர் அப்போது எதற்கு ஆகும்? 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது தோண்டிய உங்கள் வீட்டுக் குழியை ஒருமுறை திறந்து பாருங்கள், நான் சொல்வது புரியும்.

அதனால் தோட்டவேலை முடிந்த பிறகு இன்னொரு சோதனை செய்யுங்கள். மழைக்காலத்தில் கிணற்று மட்டத்தைக் குறித்து வையுங்கள். சோதனைத் தாளில் தேதியோடு, முந்தின நாள் மழை பெய்ததா என்பதையும் எழுதுங்கள்.