தொட்டுப் பார்க்க ஒரு நடராசர்

வணக்கம். பார்வையற்றோர் தொட்டு அறிய, தஞ்சாவூர் பாணி நடராசர் ஓவியம் ஒன்றைத் தொடுபடமாக்கும் வேலையைப் பற்றிப் பேசுகிறேன்.

தஞ்சாவூர் ஓவியம்தான் புடைப்பாக இருக்கிறதே, அதையே தொடக் கொடுக்கலாமே என்பார்கள். அதில் புடைத்திருப்பவை நகைகளும் வளைவுகளும். முகமும் கைகால்களும் தட்டை. விரலுக்கு ஒட்டியாணம் கிடைக்கும், சுவாமி கிடைக்க மாட்டார்.

ஆகவே முதல் வேலை கழிப்பது. இரு உள்ளங்கைக்கும் எட்டும்படி ஏ-3 தாளில் கோட்டுருவம் வரையுங்கள். சுவாமியைச் சுற்றியுள்ள நெருப்பு வளையமான திருவாசியின் சுடர்களை நெருக்கி வைத்தால் விரலுக்கு அது ரம்பப் பல்தான். பாதியாகக் குறைத்து, சுடருக்குச் சுடர் 5 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

உயரம் மூன்று படி போதும். 1 மி.மீ. அட்டை ஓரடுக்கில் திருவாசியும் விரிசடையும், ஈரடுக்கில் உடலும் ஊன்றிய காலும், மூன்றடுக்கில் தூக்கிய காலும் மார்பின் குறுக்கே வரும் இடக்கையும். இந்தக் கைதான் சிக்கல். உடலோடு ஒட்டிக் கிடந்தால் இரண்டும் ஒன்றென்றே விரல் எண்ணும். கையின் இருபுறமும் உடல் அட்டையை 3 மி.மீ. அகலத்துக்கு வெட்டி எடுங்கள். எது முன்னால், எது பின்னால் என்பதை அந்தப் பள்ளம் சொல்லிவிடும்.

காலடியில் கிடக்கும் முயலகனுக்கு நைஸ் உப்புத்தாள், இடையாடைக்குத் துணி, உடம்புக்கு வழவழப்பு. முரட்டு உப்புத்தாள் விரல்நுனியை மரக்கச் செய்யும்; பிறகு பிரெயில் புள்ளியெழுத்து பிடிபடாது. பளபள வார்னிஷும் வேண்டாம், புதுவைப் புழுக்கத்தில் வியர்த்த விரல் ஒட்டிக்கொண்டு நகராது. மேட் வார்னிஷை அட்டை ஓரங்களிலும் பூசுங்கள். விட்டால் ஐப்பசி மழையில் ஈரம் இழுத்து அடுக்குகள் பிரியும்.

வண்ணத்தை விட்டுவிடக் கூடாது. முழுதும் பார்வையற்றவர்களைவிடக் குறைபார்வை உள்ளவர்களே அதிகம். மாட்ரிட் பிராதோ அருங்காட்சியகம் 2015இல் தொடக் கொடுத்த ஆறு ஓவியங்களும் வண்ணத்தில்தான் இருந்தன.

பிரெயில் புள்ளிகளுக்கிடையே சுமார் 2.5 மி.மீ. வேண்டும், இடம் போதவில்லை என்று சுருக்க முடியாது. படத்துக்குள் ஓரெழுத்துக் குறி, விளக்கம் தனித்தாளில். வலது மேல் மூலையைச் சாய்வாக வெட்டுங்கள், தலைகீழாகப் பிடித்தால் உடனே தெரியும்.

நடராசர் வடிவத்தையே அறியாதவருக்கு முதலில் சிறு சிலை ஒன்று கொடுப்பது நல்லது. வில்லியனூர் சுடுமண்ணில் செய்யச் சொல்லலாம்; கைகள் மட்டும் சற்றுத் தடிப்பாக, இல்லையென்றால் ஒடியும்.

கண்ணைக் கட்டிக்கொண்டு நாமே தடவிப் பார்ப்பது சோதனையே அல்ல. நமக்குத்தான் படம் மனப்பாடமாயிற்றே. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர், இடையில் பார்வை இழந்த ஒருவர், இருவரிடமும் கொடுங்கள். எத்தனை கை என்று மட்டும் கேளுங்கள். மூன்று என்று வந்தால் பள்ளத்தை இன்னும் அகலமாக வெட்ட வேண்டும்.

நன்றி, வணக்கம்.