இரும்புக்குள் ஓடும் ஒலி

நேயர்களுக்கு வணக்கம். முதலில் மின்னல், அப்புறம்தான் இடி. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. ஒளியோ கிட்டத்தட்ட 3 லட்சம் கிலோமீட்டர். சரி, இரண்டையும் காற்றை விட்டு வேறு பொருளுக்குள் அனுப்பினால்?

சின்ன வயதில் நானும் நண்பனும் நீளமான இரும்புக் குழாய் ஒன்றின் இரண்டு முனைகளில் நின்றோம். நூறு மீட்டர் இருக்கும். நான் காதைக் குழாயில் ஒட்டிக்கொண்டேன். இரும்பு சில்லென்று இருந்தது. அவன் கல்லால் தட்டினான். காதுக்குள் ‘டங்’. உடனே வெளியிலிருந்து இன்னொரு ‘டங்’. “ஏன்டா ரெண்டு தடவை தட்டினே?” என்று கத்தினேன். “ஒரு தடவைதான்டா!” என்றான். பத்து முறையாவது தட்டச் சொல்லிக் கேட்டிருப்பேன். முதல் ஒலி இரும்பு வழியாக வந்தது. அடுத்தது காற்று வழியாக, கால் நொடிக்குமேல் பிந்தி வந்தது. 1808-இல் பாரிஸில் பியோ என்ற இயற்பியலாளர் 951 மீட்டர் நீளக் குழாயில் இதையே கேட்டார். அவருக்கு இரண்டு ஒலிகளுக்கும் இடைவெளி இரண்டரை நொடி! எஃகில் ஒலி நொடிக்கு 5 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். ‘அடர்த்தி கூடினால் ஒலி வேகமாகப் போகும்’ என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. ஈயம் இரும்பைவிடக் கனமானது. ஆனால் ஈயத்தில் ஒலியின் வேகம் இரும்பில் உள்ளதில் பாதிகூட இல்லை. ஹீலியம் காற்றைவிட லேசானது. அதில் ஒலி ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாகப் போகிறது. அடர்த்தி உண்மையில் ஒலியைப் பின்னுக்குத்தான் இழுக்கிறது. முன்னே தள்ளுவது விறைப்பு. அமுக்கினால் அமுங்காமல் சட்டென்று திருப்பித் தள்ளுகிறதே, அந்தக் குணம். இரும்புக்கு அது மிக அதிகம், ஈயத்துக்குக் குறைவு. மறுபடி சொல்கிறேன்: அடர்த்தி அல்ல, விறைப்பு.

தண்ணீரில் என்ன ஆகும்? 1826-இல் ஜெனீவா ஏரிக்குள் மணியடித்து அளந்தார்கள்; நொடிக்கு 1,435 மீட்டர் என்று வந்தது.

கடிகாரம் அவசரப்படுத்துகிறது, ஒளிக்குக் கொஞ்ச நேரம்தான் மிச்சம். ஒளியின் கதை நேர்மாறு. தண்ணீரில் அது இரண்டேகால் லட்சம் கிலோமீட்டராகக் குறைகிறது, கண்ணாடியில் 2 லட்சமாக. தண்ணீரில் ஒளி காற்றைவிட மெதுவாகப் போகிறது என்பதை 1850-இல் ஃபூக்கோ என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் சோதித்தே காட்டினார். கடைசியாக வைரம். அதற்குள் ஒளி நொடிக்கு 1 லட்சத்து 24 ஆயிரம் கிலோமீட்டர்தான். பாதி வேகம்கூட இல்லை. அதே வைரத்துக்குள் ஒலியோ நொடிக்கு 12 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது, எஃகில் ஓடுவதைவிட இரண்டு மடங்கு வேகம். நன்றி, வணக்கம்.