ஒற்றைப் பின்சக்கரத்தை நினைவில் வையுங்கள்: மூன்று சக்கர ஸ்போர்ட்ஸ் வண்டிக்கு நாமே ஆயில் மாற்றுவது

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று என்று அமைந்த ஸ்போர்ட்ஸ் வண்டிகளைப் பற்றி இன்று பேசப்போகிறேன். கேன்-ஆம் ஸ்பைடர், அதன் தம்பி ரைக்கர், போலாரிஸ் ஸ்லிங்ஷாட், மார்கனின் மூன்று சக்கர வண்டி எல்லாம் இந்த வகைதான். இவற்றில் எஞ்சின் ஆயிலை நாமே மாற்ற முடியுமா என்றால், தாராளமாக முடியும். பக்கத்தில் ஒரு பென்சிலும் துண்டுத் தாளும் வைத்துக்கொள்ளுங்கள். சில எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

முதலில் ஆயில் வாங்குவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வண்டிக்கு அடியில் போவதற்கு முன்பே தவறு நடக்கிற இடம் அதுதான். கார் ஓட்டிப் பழகியவர் கார் ஆயிலோடு வருவார், பைக் ஓட்டிப் பழகியவர் பைக் ஆயிலோடு வருவார். இந்த வண்டிகளோ சில பைக்கின் வாரிசு, சில காரின் வாரிசு. உங்கள் வண்டி எது என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும்: கிளட்ச் பிளேட்டுகள் எஞ்சின் ஆயிலுக்குள் நனைந்துகொண்டு ஓடுகின்றனவா, இல்லையா?

ஸ்பைடரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ரோடாக்ஸ் எஞ்சின். முதலில் வந்தது 998 சிசி இரட்டை சிலிண்டர். 2014-லிருந்து 1330 சிசி மூன்று சிலிண்டர் வந்தது. இரண்டிலும் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். அந்த ஆயில் எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிரான்க்குக்கு வழுக்கலாக இருக்க வேண்டும், ஆனால் கிளட்ச் பிளேட்டுக்குப் பிடிப்பு தர வேண்டும். காருக்கான ஆயில்கள் பலவற்றில் எரிபொருள் மிச்சத்துக்காக உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கலந்திருக்கும். அதை இந்த எஞ்சினில் ஊற்றினால் கிளட்ச் ஸ்லிப் ஆகும். ஆக்சிலரேட்டரை முறுக்கினால் எஞ்சின் சத்தம் ஏறும், வண்டி வேகம் எடுக்காது. அந்த ஆயிலைப் பிறகு வடித்தாலும், பிளேட்டில் ஊறிப்போனது உடனே போகாது. டப்பாவின் பின்பக்கம் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற ஜப்பானியத் தரக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். நனைந்த கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கு அதுதான் அடையாளம். ஜாசோ எம்பி என்று இருந்தால் அந்தக் கிளட்சுக்கு ஆகாது. படத்தில் பைக் இருக்கிறது என்பதை வைத்து வாங்காதீர்கள்.

ஸ்லிங்ஷாட் வேறு குடும்பம். 2015 முதல் 2019 வரை வந்த மாடல்களில் இருப்பது ஜெனரல் மோட்டார்ஸின் 2.4 லிட்டர் ஈகோடெக், அதாவது நேரடியாகக் காரிலிருந்து வந்த எஞ்சின். கிளட்ச் உலர்ந்த வகை, கியர் பாக்ஸ் தனி, அதற்கு ஆயிலும் தனி. இதற்கு 5டபிள்யூ-30 கார் ஆயில்தான் பொருத்தம். 2020-லிருந்து போலாரிஸ் தன் சொந்த 2.0 லிட்டர் எஞ்சினைப் போடுகிறது. ஆகவே பழைய மாடலின் அளவையும் பில்டரையும் புதியதற்குப் பயன்படுத்தாதீர்கள். ரைக்கரில் பெல்ட்டால் ஓடும் சிவிடி, அதாவது தானாக வேகம் மாற்றும் அமைப்பு, பின்சக்கரத்துக்கு ஷாஃப்ட். அந்த ஷாஃப்டின் கடைசியில் இருக்கும் கியருக்குத் தனி ஆயில் உண்டு. எஞ்சின் ஆயிலை மாற்றிவிட்டு அதை மறந்துவிடுகிறவர்கள் நிறைய.

அடுத்து வண்டியைத் தூக்கும் வேலை. ஆயில் கொஞ்சம் சூடாக இருந்தால்தான் முழுசாக வடியும். ஐந்து நிமிடம் ஓட விட்டு நிறுத்துங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், சைலன்சர் குழாய் கைக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

மூக்கு தாழ்வான வண்டிகள் இவை. சாதாரண ஏற்றுப்பலகையில் சக்கரம் ஏறுவதற்கு முன்பே முன்பக்கப் பிளாஸ்டிக் இடிக்கும். நீளமான மரப்பலகையைச் சரிவாகப் போட்டுக்கொண்டால் தப்பிக்கலாம். ஜாக்கி போடுவதானால் கையேடு காட்டும் சட்டகப் புள்ளியில் மட்டும் போடுங்கள். சஸ்பென்ஷன் கைகளிலும் பிளாஸ்டிக் அடித்தட்டிலும் போடக் கூடாது. தூக்கிய பிறகு ஸ்டாண்டு வைக்காமல் அடியில் தலையை நீட்டாதீர்கள், ஒரு நிமிட வேலைக்குக்கூட. ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தை மட்டும் என்பதும் நினைவிருக்கட்டும். முன்பக்கம் மேலே போனதும் தரையில் நின்று வண்டியைப் பிடித்திருப்பது அந்த ஒரே சக்கரம்தான். அதற்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள்.

இப்போது இந்த வண்டிகளுக்கே உரிய ஒரு ஆபத்து. காரில் ஆயில் கீழே சிந்தினால் பெரும்பாலும் நடுவில் சிந்தும், நான்கு சக்கரமும் அதைத் தாண்டிப் போய்விடும். இங்கே பின்சக்கரம் ஓடுவதே நடுக்கோட்டில்தான். எஞ்சினுக்கு அடியில் சிந்தியதன் மேல், வண்டியை முன்னால் நகர்த்தும்போது, அந்த அகலமான பின் டயர் நேராக ஏறும். வண்டியைத் தள்ளுகிற ஒரே சக்கரமும் அதுவே. ஆயில் பூசிய டயரோடு முதல் வளைவில் திரும்பினால் பின்பக்கம் அப்படியே வழுக்கிக்கொண்டு போகும். அதனால் வேலையைத் தொடங்கும் முன்பே, எஞ்சினுக்கு அடியிலிருந்து பின் டயர் வரைக்கும் தடித்த அட்டை விரித்துவிடுங்கள். ஸ்பைடரிலும் ஸ்லிங்ஷாட்டிலும் பின்சக்கரத்தை ஓட்டுவது பெல்ட். அதன் மேலும் ஒரு துணியைப் போர்த்துங்கள், ஆயில் பட்டால் பெல்ட்டுக்குக் கேடு.

ஸ்பைடரில் ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட் இரண்டு. ஒன்றை மட்டும் கழற்றினால் பழைய ஆயிலில் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடும். அதன் மேல் முழு அளவும் புதிதாக ஊற்றினால் மட்டம் மீறும். 998 எஞ்சினில் ஆயில் தனித் தொட்டியில் இருக்கும், எஞ்சினுக்கு அடியிலும் கொஞ்சம் இருக்கும். தொட்டிக்கு ஒரு போல்ட், எஞ்சினுக்கு ஒரு போல்ட். இன்னொன்றும் உண்டு: கையால் சுவிட்ச் தட்டிக் கியர் மாற்றும் எஸ்இ5 வகையில், எஞ்சின் பில்டர் போக, கியர் மாற்றும் ஹைட்ராலிக் பகுதிக்கு இரண்டாவதாக ஒரு பில்டர் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

போல்ட்டைக் கழற்றும் முன் மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள். வடித்து முடித்த பிறகு மூடி திறக்க வரவில்லை என்றால் வண்டி அங்கேயே நின்றுவிடும். ஆயில் முதலில் விசையோடு பீய்ச்சும், பிறகு துளையை ஒட்டிச் சட்டகத்தின் மேல் வழியும். சமையலறை அலுமினியத் தாளை வாய்க்கால் மாதிரி மடித்துத் துளைக்குக் கீழே செருகினால் ட்ரேயில் சரியாக விழும். துடைக்கும் வேலை பாதி மிச்சம்.

வெளியே வந்த போல்ட்டைத் துடைத்துப் போட்டுவிடாதீர்கள், முதலில் பாருங்கள். காந்தம் வைத்த போல்ட்டின் நுனியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய மை ஒட்டியிருக்கும். இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் பட்டுப் போல, பருக்கை எதுவும் தட்டாமல் இருக்க வேண்டும். கியர் பற்கள் ஒன்றோடொன்று பழகித் தேய்ந்ததன் தூள் அது, கவலை வேண்டாம். விரலில் குத்துகிற ஊசி போன்ற சில்லோ, நகத்தால் பிடிக்க முடிகிற துண்டோ இருந்தால் கதை வேறு. புதிய ஆயில் ஊற்றி மூடி மறைக்காமல், அந்தத் துண்டைக் காகிதத்தில் மடித்து எஞ்சின் பிரித்துப் பார்ப்பவரிடம் காட்டுங்கள். பழைய ஆயில் பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம்.

பில்டருக்கு வருவோம். ஈகோடெக்கில் அது மேற்புறத்திலிருந்தே எட்டும். 32 மில்லிமீட்டர் சாக்கெட் போட்டால் மூடி கழலும், பில்டர் அதோடு சேர்ந்து வரும். மூடியைச் சுற்றி ஒரு ரப்பர் ஓ-ரிங் இருக்கும். பழைய ஓ-ரிங் தட்டையாகி, கறுத்து, மூடியோடு மூடியாக ஒட்டிப்போயிருக்கும். பார்த்தால் ரப்பர் இருப்பதே தெரியாது. அதன் மேலேயே புதியதைப் போட்டு மூடினால், எஞ்சின் ஓடி அழுத்தம் ஏறியதும் ஆயில் வெளியே பீறிட்டு அடிக்கும். மரக்குச்சியால் நெம்பிப் பழையதை எடுங்கள். இரும்பு ஸ்குரூடிரைவரால் நெம்பினால் பள்ளத்தில் கீறல் விழும், கீறல் வழியே கசியும். புதிய ஓ-ரிங்கில் புது ஆயிலைத் தடவி, முறுக்கிக்கொள்ளாமல் அதற்கான பள்ளத்தில் உட்காரவையுங்கள். கேன்-ஆம் வண்டிகளில் பில்டர் மூடிக்கும் இதே கதைதான். டிரெயின் போல்ட்டின் வாஷரும் ஒருமுறை நசுங்கி அடைக்கிற வகை. ஒவ்வொரு முறையும் புதிது போடுங்கள்.

இனி பென்சிலை எடுங்கள். ஈகோடெக்கின் பில்டர் மூடியை 22 நியூட்டன் மீட்டரும் டிரெயின் போல்ட்டை 25 நியூட்டன் மீட்டரும் முறுக்க வேண்டும். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சின் அளவுகோலில் நியூட்டன் மீட்டர் ஒரு பக்கமும் அடி பவுண்டு மறுபக்கமும் இருக்கும். ஒரு அடி பவுண்டு என்பது 1.356 நியூட்டன் மீட்டர். 22 என்ற எண்ணைத் தவறான பக்கத்தில் வைத்தால், மூடியின் மேல் ஏறுவது கிட்டத்தட்ட 30 நியூட்டன் மீட்டர். மூடி பிளாஸ்டிக். அலுமினியத்தில் வெட்டிய மரையில் இதே தவறைச் செய்தால் மரை போய்விடும், அதைச் சரிசெய்ய எஞ்சின் அடிப்பாகத்தையே கழற்ற நேரலாம். போல்ட்டை முதலில் விரலாலேயே முழுசாக ஏற்றுங்கள். விரலுக்கு ஏறாத மரையை ஸ்பேனர் போட்டு ஏற்றக் கூடாது. மற்ற எஞ்சின்களுக்கு முறுக்கு அளவு வேறு. உங்கள் மாடலின் கையேட்டைப் பாருங்கள்.

ஊற்றும் அளவிலும் இதே அலகுத் தொல்லை உண்டு. மார்கனைத் தவிர இந்த வண்டிகள் வட அமெரிக்க நிறுவனங்களுடையவை. அவற்றின் கையேடுகளில் குவார்ட் கணக்கு வரும். ஒரு அமெரிக்கக் குவார்ட் 0.946 லிட்டர். ஈகோடெக்குக்கு 5 குவார்ட், அதாவது 4.7 லிட்டர். ஐந்து என்று படித்துவிட்டு ஐந்து லிட்டர் டப்பாவை முழுசாகக் கவிழ்த்தால் கால் லிட்டருக்கு மேல் அதிகமாகும். எந்த எஞ்சினானாலும் சொன்ன அளவில் அரை லிட்டர் குறைத்து ஊற்றுங்கள். எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு பில்டர் நிறையட்டும். ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். அணைந்தால் அடியில் குனிந்து கசிவு பார்த்துவிட்டு, வண்டியைச் சமதளத்தில் இறக்கிய பிறகுதான் ஆயில் மட்டம் காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். முன்பக்கம் தூக்கியிருக்கும்போது பார்க்கிற மட்டம் பொய் மட்டம்.

998 எஞ்சின் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், தொட்டியில் இருக்கும் ஆயில் மெல்ல எஞ்சின் அடிக்கு இறங்கிவிடும். காலையில் டிப்ஸ்டிக்கை எடுத்தால் ஆயில் குறைந்தது போலத் தெரியும். அதை நம்பி அரை லிட்டர் ஊற்றினால், எஞ்சின் ஓடும்போது இறங்கியதெல்லாம் தொட்டிக்குத் திரும்பி வரும். மிஞ்சுகிற ஆயில் மூச்சுக்குழாய் வழியாக ஏர் பில்டர் பெட்டிக்குள் போய் நிற்கும். ஆகவே எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, சும்மா ஓடவிட்டு, நிறுத்திய கையோடு பாருங்கள். டிப்ஸ்டிக்கை மரையில் திருகிப் பார்க்க வேண்டுமா, மேலே வைத்தாலே போதுமா என்பதையும் கையேட்டில் பாருங்கள். அந்த ஒரு மரை உயரமே அளவை மாற்றிக் காட்டும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்றால், 1330 எஞ்சினுக்கு 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. இந்த வண்டிகள் பெரும்பாலும் வார இறுதியில் மட்டும் ஓடுகிறவை. பலருக்கு வருடக் கணக்குதான் முதலில் வரும். குறைந்த தூரம் ஓடி நிற்கிற எஞ்சினில் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலந்துகொண்டே இருக்கும். ஓடாமல் நின்ற வண்டிக்கு எதற்கு ஆயில் என்று தள்ளிப் போடாதீர்கள்.

பழைய ஆயிலை மூடியுள்ள டப்பாவில் ஊற்றி, கழிவு ஆயில் வாங்குகிற இடத்தில் கொடுத்துவிடுங்கள். மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள்.

வண்டியை வெளியே எடுக்கும் முன் விரித்த அட்டையை உருவி எடுத்து, பின் டயரைச் சோப்புத் தண்ணீர் நனைத்த துணியால் சுற்றிலும் துடைத்துவிடுங்கள். சட்டகத்தின் இடுக்கில் தேங்கிய ஆயில் முதல் சில கிலோமீட்டரில் காற்றோடு பின்னால் பறந்து அந்த டயரின் மேல்தான் விழும். பத்து கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, டயரையும் பெல்ட்டையும் இரண்டு போல்ட்டின் ஓரங்களையும் வெள்ளைத் துணியால் தொட்டுப் பாருங்கள். துணியில் கறை இல்லை என்றால், கழற்றி வைத்திருந்த அடித்தட்டுப் பிளாஸ்டிக்கைத் திரும்பப் பூட்டிக்கொள்ளலாம்.

வணக்கம்.