லோஷ் வேறு, வ்ரன்யோ வேறு

[திரையில்: பியானோ. ஒரு சிறுமியின் விரல்கள். ஒரு கட்டை தவறுகிறது.]

மாஸ்கோவில் ஒரு இசை வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுமி வாசிக்கிறாள், ஒரு சுரம் பிசகுகிறது. ஆசிரியை உடனே "வ்ரியோஷ்!" என்கிறார். அகராதியில் தேடினால் "நீ பொய் சொல்கிறாய்" என்று பொருள் கிடைக்கும். ஆனால் அந்தப் பிள்ளை வாயையே திறக்கவில்லை. ஆசிரியை சொன்னது "தப்பா வாசிக்கிற" என்பதைத்தான்.

சுவர்க்கடிகாரம் பத்து நிமிடம் தாமதமாக ஓடினாலும் ரஷ்யர்கள் இதே வினைச்சொல்லைச் சொல்வார்கள். நண்பன் ஓடி வந்து "லாட்டரி விழுந்திருக்கு" என்றாலும் "வ்ரியோஷ்!" என்பார்கள். அப்போது அதற்கு அர்த்தம் "அட, சும்மா சொல்லாதே!" அதை அப்படியே ஆங்கிலத்தில் "யூ ஆர் லையிங்" என்று எழுதினால் அங்கே ஒரு சண்டை தொடங்கிவிடும். ரஷ்ய மூலத்தில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த வினைச்சொல் "வ்ராத்". அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல்தான் "வ்ரன்யோ". ரஷ்ய இலக்கியத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர்களைத் தலைமுறை தலைமுறையாகத் திணறவைத்த சொல் இது.

[திரையில்: இரண்டு சொற்கள் அருகருகே. லோஷ். வ்ரன்யோ.]

ரஷ்ய மொழியில் பொய்க்கு இன்னொரு சொல்லும் உண்டு: "லோஷ்". கனமான சொல். ஏமாற்றும் எண்ணத்தோடு, உண்மையை மறைத்துச் சொல்வது. நீதிமன்றத்திலும் பிரசங்கத்திலும் இதற்குத்தான் இடம். வ்ரன்யோ அப்படியில்லை. அதில் கற்பனை உண்டு, உற்சாகம் உண்டு. முக்கியமாக, கேட்பவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. சொல்பவர் அளக்கிறார் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

இந்தச் சொல்லின் வேரிலேயே பொய் இல்லை. பழைய ஸ்லாவிய மொழியில் அது வெறுமனே "பேசு" என்ற பொருளோடு தொடர்புடையது என்பது பரவலான கருத்து. ரஷ்ய மொழியில் மருத்துவருக்குச் சொல்லும் "வ்ராச்" என்ற பெயரையும் அதே வேரில்தான் வைக்கிறார்கள். மந்திரம் சொல்லி நோயைப் போக்கியவர் அவர். பேச்சு பெருகி, வாய்க்கு வந்ததைச் சொல்வதாகி, அப்புறம்தான் பொய்யானது. ஆங்கிலத்தின் "லை" இந்த வழியில் வரவில்லை.

1873இல் தஸ்தயேவ்ஸ்கி, தான் ஆசிரியராக இருந்த "கிராஷ்தனின்" வார இதழில் வ்ரன்யோவைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். நாம் ஏன் எல்லோரும், ஒருவர் விடாமல், இப்படிச் செய்கிறோம் என்று கேட்கிறார். மற்ற நாடுகளில் லாபத்துக்காகப் பொய் சொல்பவர்கள் அயோக்கியர்கள். ரஷ்யாவிலோ நேர்மையானவர்களே இதைச் செய்கிறார்கள், அதுவும் விருந்தோம்பலுக்காக என்கிறார். கேட்பவர் மனத்தில் அழகான ஓர் உணர்வை எழுப்பி அவரை மகிழ்விக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும். அவர் அதைப் புகழவில்லை. தன்னைப் பற்றிய வெட்கம்தான் இதற்கெல்லாம் அடியில் இருப்பதாக அவர் நினைத்தார். ஆனால் "விருந்தோம்பல்" என்ற அந்த ஒரு சொல் போதும், ஆங்கிலத்தின் "லை" எத்தனை தொலைவில் நிற்கிறது என்று காட்டிவிடும்.

[திரையில்: நாடக மேடை. ஒரு இளைஞன் கையை வீசிப் பேசுகிறான்.]

இதற்கு உயிருள்ள உருவம் வேண்டுமென்றால், 1836இல் மேடையேறிய கோகலின் "அரசாங்க ஆய்வாளர்" நாடகத்தைப் பாருங்கள். பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வந்த சின்ன குமாஸ்தா ஹ்லெஸ்தகோவ். ஊர்க்காரர்கள் அவனைப் பெரிய அதிகாரி என்று நினைத்துவிடுகிறார்கள். அவன் பேசத் தொடங்குகிறான். தன் வீட்டு விருந்தில் தர்பூசணி மட்டும் 700 ரூபிளாம். சூப் பாரீஸிலிருந்து சட்டியோடு கப்பலில் வருமாம். தன்னைத் தேடித் தெருவெல்லாம் தூதர்கள் ஓடினார்களாம், 35,000 பேர்! ஒவ்வொரு வாக்கியத்திலும் கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. இவனைத் தொழில்முறைப் பொய்யனாக நடிக்கக் கூடாது, தான் பொய் சொல்கிறோம் என்பதையே மறந்து ஏறக்குறைய நம்பிவிடுபவன் இவன் என்று கோகலே விளக்கம் எழுதினார்.

சரி, இதை ஆங்கிலத்தில் எந்தச் சொல்லால் சொல்வது? "ஃபிப்" என்றால் குழந்தை சொல்லும் குட்டிப் பொய். "டால் டேல்" என்பது அளந்த கதையைக் குறிக்கும், அளக்கும் செயலுக்கு அதில் வினைச்சொல் இல்லை. "புல்ஷிட்" பொருளில் கொஞ்சம் நெருங்கும். ஆனால் அது வசைச்சொல். 19ஆம் நூற்றாண்டு வரவேற்பறையில் அதை யார் வாயில் வைப்பது?

தஸ்தயேவ்ஸ்கியின் "குற்றமும் தண்டனையும்" நாவலில் இந்தச் சிக்கல் தெளிவாகத் தெரியும். கதாநாயகனின் நண்பன் ரஸுமீகின், கொஞ்சம் குடித்திருக்கும் நிலையில், ஆவேசமாகச் சொல்கிறான்: மற்ற உயிர்களுக்கு இல்லாத, மனிதனுக்கு மட்டுமே உள்ள சலுகை வ்ரன்யோதான், அதன் வழியாகத்தான் உண்மைக்குப் போய்ச் சேர்வாய். கான்ஸ்டன்ஸ் கார்னெட் 1914இல் வந்த தன் மொழிபெயர்ப்பில் இதற்கு "டாக் நான்சென்ஸ்", அதாவது "உளறு" என்று போட்டார். 1990களில் பெவியரும் வொலகோன்ஸ்கியும் சேர்ந்து செய்த மொழிபெயர்ப்பில் அது "லை" ஆனது. கார்னெட்டைப் படிப்பவருக்கு, தப்புத்தப்பாக யோசித்து யோசித்துச் சரியானதைக் கண்டுபிடிக்கும் மனிதன் தெரிவான். மற்றதைப் படிப்பவருக்குப் பொய்யைக் கொண்டாடும் விசித்திரமான ஒருவன் தெரிவான். ரஷ்ய வாசகருக்கு இருவரும் ஒரே சொல்லுக்குள் இருக்கிறார்கள். என் மனம் கார்னெட் பக்கம்தான். ஆனால் அந்த நாவல் முழுக்க யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்பதே கேள்வி. அந்தச் சரடு "நான்சென்ஸ்" என்று எழுதியதும் அறுந்துவிடுகிறது. அதுவும் உண்மை.

நமக்கு இதில் நேரடியான அக்கறை உண்டு. தமிழில் நாம் படிக்கும் ரஷ்ய நாவல்கள் பல ஆங்கிலம் வழியாக வந்தவை. ஆங்கிலத்தில் "லை" என்று இருந்தால் தமிழில் "பொய்" என்று வந்துவிடும். அளப்பது, புளுகுவது, கதைவிடுவது, சரடு விடுவது என்று நம்மிடம் இத்தனை சொற்கள் இருந்தும், அவை கைக்கு எட்டும் முன்பே வழியில் தொலைந்துபோகின்றன.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சோவியத் ஆட்சியை எதிர்த்த எழுத்தாளர் சோல்செனித்சின் 1974 பிப்ரவரி 12 என்று தேதியிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அன்றுதான் அவர் கைது செய்யப்பட்டார், மறுநாள் நாடு கடத்தப்பட்டார். பொய்யின்படி வாழாதீர்கள் என்பது தலைப்பு. அவர் எடுத்த சொல் லோஷ். வ்ரன்யோ என்று எழுதியிருந்தால் "ஜம்பம் அடிக்காதீர்கள்" என்கிற அளவுக்கு அந்த அழைப்பு சுருங்கிப்போயிருக்கும். ஆங்கிலத் தலைப்பில் அது "லைஸ்" என்று பன்மையாகிவிட்டது. ரஷ்யத்தில் ஒருமை. ஒரு நாட்டின் மேல் மொத்தமாகப் படிந்திருக்கும் ஒரே பொய்யை அவர் சொல்கிறார். பன்மை வந்ததும் அது தனித்தனிப் பொய்களாக உதிர்ந்துவிடுகிறது.

[திரையில்: சீட்டுக்கட்டு. ஆறு புள்ளிச் சீட்டு எட்டு புள்ளியாகிறது.]

சோவியத் அலுவலகங்களுக்கு வந்தால் வேறு சொற்கள். "பகஸூகா" என்பது மேலதிகாரி வரும் நாளுக்காகப் போடும் வெளிப்பூச்சு. இல்லாததை இருப்பதாகக் காட்டி ஏமாற்றுவதற்கு "அச்கவ்திராதெல்ஸ்த்வ" என்று நாக்கைச் சுழற்றும் ஒரு சொல், அது சீட்டாட்டத்திலிருந்து வந்தது. மோசடிக்காரர்கள் சீட்டின்மேல் பொடியைத் தேய்த்துப் புள்ளிகளைக் கூட்டிக்காட்டுவார்கள். புள்ளிக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் ரஷ்யத்தில் ஒரே சொல் என்பதால், வரலாறு தெரியாதவர் கண்ணாடியைத் தேய்க்கப் போய்விடுவார்.

"ப்ரிபீஸ்கி" என்றால் கூடுதலாக எழுதிச் சேர்ப்பது, அதாவது கணக்கில் ஏற்றிக் காட்டுவது. 1959இல் ரியாசான் மாகாணக் கட்சிச் செயலாளர் லரியோனவ், அரசுக்குத் தரும் இறைச்சியை ஒரே ஆண்டில் மூன்று மடங்காக்கி 1,50,000 டன் தருவதாக வாக்குக் கொடுத்தார். கறவை மாடுகளையும் வெட்டினார்கள், பக்கத்து மாகாணங்களில் வாங்கியும் கணக்கில் சேர்த்தார்கள். ஆண்டு முடிவில் அவருக்குச் சோஷலிச உழைப்பு வீரர் பட்டம் கிடைத்தது. அடுத்த ஆண்டு கொடுக்கப் போதுமான மாடுகள் இல்லை. 1960 செப்டம்பரில் அவர் இறந்துபோனார். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லைப் பொய்யறிக்கை என்கிற மாதிரி மொழிபெயர்க்கிறார்கள். ஒரு மாகாணத்தின் மந்தையில் பெரும்பகுதி காணாமல்போனது அதில் கேட்காது.

எனக்கு மிகவும் கனக்கும் சொல் "துஃப்தா". குலாக் என்ற சோவியத் கட்டாய உழைப்பு முகாம்களில் புழங்கிய சொல். மரம் வெட்டும் கைதிகள், ஏற்கெனவே எண்ணி முத்திரையிட்ட கட்டைகளின் நுனியை மெல்லிதாக அறுத்துவிட்டு, புதிதாக வெட்டியதைப் போல மறுபடி கணக்குக் காட்டுவார்கள். அன்றைய அளவை முடித்தால்தான் முழு ரொட்டி. அளவு குறைந்தால் ரொட்டி குறையும், மறுநாள் வேலை செய்யத் தெம்பு இருக்காது. இதற்கு "சீட்டிங்" என்று எழுதினால், உயிர் பிழைக்க வழி தேடியவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம். தெரிந்தே கண்டுகொள்ளாமல் விட்ட கணக்கெடுப்பவரும் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறார்.

[திரையில்: காதில் தொங்கும் நூடுல்ஸ்.]

ஏமாற்றுவதை ரஷ்யர்கள் "காதில் நூடுல்ஸ் தொங்கவிடுவது" என்பார்கள். ஆங்கில வாசகருக்கு இதைக் கையைப் பிடித்து விளக்க வேண்டும். நமக்கு வேண்டாம், காதில் பூ சுற்றுவதை அறிந்தவர்கள் நாம்.

கடைசியாக ஒரு ரஷ்யப் பழமொழி. ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் வைத்தால், "பிடிக்காவிட்டால் கேட்காதே, பொய் சொல்வதைத் தடுக்காதே" என்று ஏதோ மோசடிக்காரனின் வாதம் போல நிற்கும். வ்ராத் என்ற வினையை மட்டும் தமிழில் சரியாக வைத்துப் பாருங்கள்:

"பிடிச்சா கேளு, இல்லாட்டி போ. அளக்குறவனை அளக்க விடு."

[திரை இருள்கிறது. பியானோவில் அதே சுரம், இம்முறை சரியாக.]