கேமராவைத் தொடுவதற்கு முன்

அன்பார்ந்த மாணவர்களே,

இந்தப் பருவத்தில் நீங்கள் எடுக்கவிருக்கும் பத்து நிமிடக் குறும்படத்திற்கு இரண்டு நாள் படப்பிடிப்புதான் என்று அறிந்தேன். அதற்கு முந்தைய நான்கு வாரங்களைப் பற்றியே பேச விரும்புகிறேன். படம் தேறுவதும் கெடுவதும் பெரும்பாலும் அந்த வாரங்களில்தான்.

சத்யஜித் ராய் தம் முதல் படமான ‘பதேர் பாஞ்சாலி’யை 1952 அக்டோபரில், நாணல் பூத்து வெண்மையாகக் கிடந்த ஒரு வெளியில் எடுக்கத் தொடங்கினார். ஒரு வாரம் கழித்து மீதியை எடுக்கப் போனபோது மாடுகள் பூக்களையெல்லாம் மேய்ந்துவிட்டிருந்தன. மறுபடி நாணல் பூக்கும்வரை அக்காட்சி காத்திருந்தது. அவரால் காத்திருக்க முடிந்தது. வாடகைக் கேமராவைத் திங்கட்கிழமை திருப்பித் தரவேண்டிய உங்களால் முடியாது.

35 மி.மீ. பிலிமில் 400 அடிச் சுருள் நான்கரை நிமிடம்கூட ஓடாது. அந்தக் கணக்கே அன்றைய இயக்குநர்களைப் பலமுறை ஒத்திகை பார்க்க வைத்தது. இன்று மெமரி கார்டு தரும் தாராளத்தில், காட்சியை எந்தெந்த ஷாட்டாக எடுப்பது என்று முன்பே பிரிக்காமலே போய் அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்ற துணிவு வந்துவிடுகிறது. அதன் விலையை எடிட்டிங் மேசையில் கொடுக்கிறோம்.

லொகேஷன் பார்ப்பதில்தான் நான் அதிகம் அடிபட்டிருக்கிறேன். மாணவனாக இருந்தபோது, ஒரு மூதாட்டி காலையில் திண்ணையில் அமர்ந்து கடிதம் படிக்கும் காட்சிக்காக ஒரு வீட்டை மாலை ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தேன். மேற்குப் பார்த்த வீடு. திண்ணை முழுக்கப் பொன்வெயில். படப்பிடிப்பன்று காலை ஏழு மணிக்குப் போய் நின்றால் திண்ணை நிழலில் மங்கிக் கிடந்தது. போதாக்குறைக்கு, பக்கத்து வீட்டு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் சொல்கிறேன்: காட்சி எந்த நேரத்தில் நடக்கிறதோ அதே நேரத்தில், முடிந்தால் அதே கிழமையில், போய்ப் பாருங்கள். சவுண்ட் பார்ப்பவரைக் கட்டாயம் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் கண்ணை மூடிப் பத்து நிமிடம் உட்காரட்டும். காதில் விழுந்ததையெல்லாம் எழுதட்டும்.

வீட்டுக்குள் எடுப்பதானால், இரைச்சல் பதிவாகாமலிருக்க ஃபிரிட்ஜை அணைக்க வேண்டியிருக்கும். அணைப்பவர் தம் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிட வேண்டும் என்பது சவுண்ட்காரர்களின் பழைய வழக்கம். கிளம்பும்போது சாவியைத் தேடினால்தான் ஃபிரிட்ஜின் நினைவு வரும். வீடு கொடுத்தவரின் பாலும் மாவும் கெடாது. நம்மை நம்பிக் கதவைத் திறந்துவிட்டவருக்கு நாம் காட்டும் மரியாதை இது. படப்பிடிப்புத் திட்டத்தில் எழுதியே வைக்கத்தக்கது.

அனுமதிக் கடிதம், சாப்பாடு, நடிகர்களின் தேதி ஆகியவற்றை ஒருவரிடமே ஒப்படையுங்கள். அவர் வேறு பொறுப்பை ஏற்க வேண்டாம். ஒன் லைன் ஆர்டர், அதாவது காட்சிகளை எடுக்கும் வரிசைப் பட்டியல், போடும்போது கதை வரிசையை மறந்து, ஒரே இடத்தில் நடப்பவற்றை ஒன்றாகச் சேருங்கள். மிகக் கடினமான காட்சியை முதல் நாள் முற்பகலில் வையுங்கள். தவறினாலும் மறுநாள் முற்பகல் கையில் இருக்கும்.