ஒரே என்டர்ல எல்லா சர்வரும் கதவைச் சாத்திடுச்சு!

வணக்கம் மக்களே! இன்னிக்கு நான் செம குஷி. நண்பரோட கம்பெனில ஒருத்தர் வேலைய விட்டுக் கெளம்பினாரு. முன்னாடின்னா ஒவ்வொரு சர்வராப் போயி யூசர அழிக்கணும், அவரோட எஸ்எஸ்எச் கீ (பாஸ்வேர்டு இல்லாமலே உள்ள விடுற சாவி ஃபைல்) எங்கெங்க ஒட்டிக்கிட்டு இருக்குனு தேடணும். இந்த வாட்டி ஃப்ரீஐபிஏல (எல்லா லினக்ஸ் மெஷினோட யூசரையும் ஒரே இடத்துல இருந்து பாத்துக்கிற சாஃப்ட்வேர்) ‘ஐபிஏ யூசர் டிசேபிள்’, அவர் பேரு, என்டர். முடிஞ்சுது! ஏற்கெனவே உள்ள உக்காந்திருக்கிற செஷன் மட்டும் தானா சாகாது, அதை நாமதான் கொல்லணும்.

ஆமா, ஃப்ரீஐபிஏ தான். யூசர் பட்டியல் வெக்கிற ஓப்பன்எல்டாப்ப தனியா வெச்சு, அதுமேல டிக்கெட் குடுத்து லாகின் பண்ண விடுற கெர்பரோஸ ஒட்டுற வேலைய நான் எவ்ளோ திட்டுவேன்னு உங்களுக்கே தெரியும். இதுல 389 டைரக்டரி சர்வர் (யூசர் பட்டியல் இருக்கிற இடம்), கெர்பரோஸ், சர்டிஃபிகேட் எல்லாம் ஒரே இன்ஸ்டாலர்ல வருது. மத்த மெஷின்கள்ல ‘ஐபிஏ கிளையன்ட் இன்ஸ்டால்’ ஓட்டினா எஸ்எஸ்எஸ்டி (லாகின சர்வர்கிட்ட கேட்டுச் சரிபாக்குற புரோகிராம்) கான்ஃபிக்க அதுவே எழுதிக்கும். அந்த ஃபைல கையால எழுதுறவங்களுக்கு ஒரு கும்பிடு.

இருங்க, ஒண்ணு விட்டுட்டேன். இன்ஸ்டாலுக்கு முன்னாடியே சர்வருக்கு டொமைனோட முழுப் பேரு வெச்சிடுங்க. அந்தப் பேரு 127-ல ஆரம்பிக்கிற அட்ரஸுக்கு, அதாவது மெஷின் தன்னையே கூப்பிட்டுக்கிற அட்ரஸுக்கு, போகக் கூடாது. கிளையன்ட்ல ‘எம்கே ஹோம்டிர்’ ஆப்ஷனும் குடுங்க, இல்லன்னா லாகின் ஆகும், ஹோம் டைரக்டரி இருக்காது.

இப்போ என் வயித்தெரிச்சலுக்கு வரேன். காலைல கேஇனிட் கமாண்ட் போட்டு கெர்பரோஸ் டிக்கெட் வாங்கியாச்சு. எல்லா மெஷினும் பாஸ்வேர்டு கேக்காம உள்ள விடுது. லேப்டாப்ல இருக்கிற ஒரே ஒரு விஎம் (விர்ச்சுவல் மெஷின்) மட்டும் கேக்குது! டிஎன்எஸ் சரி, கீடேப் (மெஷினோட கெர்பரோஸ் சாவி ஃபைல்) சரி. கடைசில பாத்தா கடிகாரம்! லேப்டாப் தூங்கி எழுந்ததுல விஎம் நேரம் பின்னாடி நின்னுடுச்சு. கெர்பரோஸ் 5 நிமிஷ வித்தியாசம் வரைக்கும்தான் பொறுக்கும். பழைய பாக்கெட்ட பிடிச்சு வெச்சு எவனாவது திரும்ப அனுப்பிடக் கூடாதுனு அந்தக் கண்டிப்பு, நியாயம் தான். ‘நேரத்தைச் சரி பண்ற குரோனி ஓடிட்டுதானே இருக்கு, அது சரி பண்ணாதா?’னு கேப்பீங்க. அங்கதான் கடுப்பு! ஃபெடோரா லினக்ஸ்ல வர்ற குரோனி கான்ஃபிக்ல ‘மேக்ஸ்டெப் 1.0 3’னு இருக்கு. ஸ்டார்ட் ஆன பிறகு முதல் 3 அப்டேட்ல மட்டும் நேரத்தை ஒரே தாவா தாவ விடும். அப்புறம் மெதுவா, மெதுவா, மெதுவா நகத்தும். அந்த 3-ஐ மைனஸ் 1 ஆக்கி (எப்ப வேணாலும் தாவலாம்னு அர்த்தம்) ரீஸ்டார்ட் பண்ணேன். உள்ள விட்டுச்சு பாருங்க, கத்திட்டேன், பக்கத்து ரூம்ல இருந்து ஆள் வந்துட்டாங்க!

அய்யோ, முக்கியமானது! புதுசா போட்டதும் ‘அலோ ஆல்’னு ஒரு எச்பேக் ரூல் (யாரு எந்த மெஷினுக்குள்ள போலாம்னு சொல்ற ரூல்) ஆன்ல இருக்கும். எல்லாரும் எல்லா மெஷினுக்குள்ளயும் போலாம்னு அர்த்தம், எனக்குச் சுத்தமா புடிக்காது. உங்க ரூல எழுதி, ‘எச்பேக் டெஸ்ட்’ ஓட்டிப் பாத்துட்டு, அப்புறமா அதை டிசேபிள் பண்ணுங்க. வரிசைய மாத்தினா நீங்களே வெளிய நிப்பீங்க.