ராத்திரி போலீஸ் வந்தா கதவைத் திறக்கணுமா? செட்டிநாட்டு வளவுல இருக்கு பதில்!

[காட்சி: கானாடுகாத்தான், ஒரு பெரிய வீட்டு முகப்பு]

ராத்திரி 11 மணி. கதவு தட்டுற சத்தம். "போலீஸ். வீட்டைச் சோதனை போடணும்." நீங்க என்ன செய்வீங்க? "நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு"ன்னு ஒதுங்கி வழிவிடறவங்கதான் அதிகம். கொஞ்சம் பொறுங்க.

சட்டுனு பின்னணி: 2017 ஆகஸ்ட் 24, புட்டசாமி வழக்கு. உச்ச நீதிமன்றத்துல அதை விசாரிச்ச 9 நீதிபதிகளும் ஒருமனதா, அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு சொன்னாங்க. அரசியல் சாசனம், பிரிவு 21. அவ்வளவுதான் வரலாறு.

[காட்சி: திண்ணையிலிருந்து உள்ளே]

இப்போ வீட்டுக்குள்ள வாங்க. திண்ணையில வழிப்போக்கர்கூட உக்காரலாம், யாரும் கேக்க மாட்டாங்க. அதைத் தாண்டினா முகப்பு, வந்தவங்களோட பேச. அடுத்து வளவு, சொந்தபந்தம் கூடற முற்றம். வளவைச் சுத்தி வரிசையா அறைகள் தெரியுதா? கல்யாணமான மகன் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி. கல்யாணமாயிட்டா நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார் சமூகம்) கணக்குல அவங்க ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பம். கூரை ஒண்ணு, முற்றத்துல விழுற மழை எல்லாருக்கும் ஒண்ணு. ஆனா பூட்டு தனி, சாவி அந்தப் புள்ளி கையில. அப்பச்சியே (அப்பாவே) ஆனாலும் வெளியில நின்னுதான் கூப்பிடணும். உள்ளே திருட்டுப் பொருளா இருக்கு? அவங்க சாமான், அவங்க கடுதாசி, அவங்க பேச்சு. மறைக்க ஒண்ணும் இல்லாதவங்களுக்கும் பூட்டு வேணும். இதைவிடத் தெளிவா எந்தச் சட்டப் புத்தகமும் விளக்கினதில்லைன்னு அடிச்சுச் சொல்வேன்.

சரி, அந்த அறையிலிருந்து புகை வந்தா? பூட்டை உடைக்கணும். எல்லை அங்கதான் வருது. அரசு உங்க அந்தரங்கத்துல நுழைஞ்சா நீதிமன்றம் பார்க்கறது: அதுக்குச் சட்டம் இருக்கா? நியாயமான தேவை இருக்கா? தேவைக்கு மேல போகுதா? வழுக்கறது பெரும்பாலும் மூணாவதுல. புகை வர்றது ஒரு அறையில. உடைக்கறது வளவைச் சுத்தி இருக்கற அத்தனை பூட்டையும்னா அது தப்பு.

காரைக்குடி லாட்ஜ்ல ரூம் போடறதையே எடுத்துக்குங்க. நீங்க யாருன்னு அவங்களுக்குத் தெரியணும், உங்க ஆதார் எண்ணோட 12 இலக்கமும் தெரிய வேண்டியதில்லை. மைஆதார் தளத்துல ஓடிபி போட்டு உள்ளே போய், டவுன்லோடு பண்ணும்போது 'மாஸ்க்டு ஆதார்'னு இருக்கற கட்டத்தை டிக் பண்ணுங்க. கடைசி 4 இலக்கம்தான் தெரியும். பாஸ்வேர்டு, இங்கிலீஷ் பெரிய எழுத்துல பேரோட முதல் 4 எழுத்து, கூடவே பிறந்த வருஷம். முழு ஆதாரை வாட்ஸ்அப்ல அனுப்பிட்டா, அது யார் போன்ல எத்தனை நாள் கிடக்கும்னு உங்க கையில இல்லை.

[காட்சி: மறுபடியும் அதே கதவு]

இப்போ அந்த 11 மணி. வாரண்ட் (நீதிமன்றம் தர்ற சோதனை உத்தரவு) இருந்தா காட்டச் சொல்லுங்க. காட்டினா வழிவிட்டே ஆகணும். விசாரணையில அவசரம்னா வாரண்ட் இல்லாமலும் தேடலாம். ஆனா 2024 ஜூலை 1-லிருந்து அமல்ல இருக்கற குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 185-வது பிரிவுப்படி, காரணத்தையும் தேடற பொருளையும் முன்கூட்டியே எழுத்துல பதிவு பண்ணணும். சோதனையை வீடியோ எடுக்கணும். சுயேச்சையான சாட்சி 2 பேராவது வேணும். வீட்டுல குடியிருக்கறவர் கூடவே நிக்கலாம், எடுத்த பொருளோட பட்டியல் நகல் அவருக்குக் கிடைக்கணும். பெரிய தப்பு நடக்கறது இங்கதான்: பதட்டத்துல பட்டியலை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுடறாங்க. கதவை மறிக்காதீங்க, கையைப் பிடிக்காதீங்க. "என்ன பொருளைத் தேடறீங்க, எழுதியிருக்கீங்களா சார்?"னு நிதானமா கேளுங்க. இந்தக் கேள்வியை வீட்டுல ஆச்சி, அப்பச்சிக்கும் இன்னைக்கே சொல்லி வைங்க.